அடுத்தவர் இழப்பீடு கேட்டால்: பெங்களூரில் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஹோசூர் ரோட்டில் உங்கள் வண்டி மோதி ஒருவருக்குக் கால் முறிந்துவிட்டது. இன்ஷூரன்ஸ் நடப்பில் இருக்கிறது. அவருக்கு எவ்வளவு கொடுப்பது, வழக்கை நடத்துவதா ராஜியாகப் போவதா, எந்த வக்கீலை வைப்பது என்பதையெல்லாம் இனி தீர்மானிக்கப்போவது நீங்கள் அல்ல, இன்ஷூரன்ஸ் கம்பெனி. பாலிசி எடுத்த அன்றே அந்த அதிகாரத்தை எழுதிக் கொடுத்தாகிவிட்டது. பெரும்பாலோருக்கு இது சமன்ஸ் வந்த பிறகுதான் தெரியவருகிறது.

கிருஷ்ணகிரி, திருப்பத்தூர் பக்கமிருந்து வந்து பெங்களூரில் டெம்போ, கார், ஆட்டோ ஓட்டுகிறவர்களையும், டி.என். பதிவெண் பைக்கோடு எலெக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்கு வந்தவர்களையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது இது. உங்கள் வண்டியின் சேதத்துக்கு நீங்கள் வாங்கும் கிளெய்ம் வேறு. இங்கே பேசுவது அடுத்தவர் உங்கள்மேல் கொண்டுவரும் கிளெய்ம் மட்டும்.

முதலில் பாலிசியைப் புரட்டுங்கள்

வாட்ஸ்அப்பில் வரும் இரண்டு பக்கச் சான்றிதழ் போதாது. எல்லா நிபந்தனைகளும் அடங்கிய முழு வாசகத்தைக் கம்பெனியின் இணையதளத்திலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள். மோட்டார் பாலிசியின் அடிப்படை வாசகம் எல்லாக் கம்பெனிகளிடமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

நிபந்தனைகளில் முதலாவது, விபத்தை உடனே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது. கடிதம், நோட்டீஸ், சமன்ஸ் எது வந்தாலும் கைக்குக் கிடைத்தவுடன் அனுப்பச் சொல்வதும் அதுதான். இரண்டாவதில்தான் விஷயமே இருக்கிறது. கம்பெனியின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் நீங்களோ உங்கள் சார்பில் வேறு யாருமோ தவறை ஒப்புக்கொள்ளக் கூடாது. தொகை பேசக் கூடாது. வாக்குக் கொடுக்கக் கூடாது. பணம் கொடுக்கக் கூடாது. கம்பெனி விரும்பினால் உங்கள் பெயரிலேயே வழக்கை ஏற்று நடத்தலாம், ராஜி செய்யலாம். எப்படி நடத்துவது என்பதில் முழு அதிகாரம் அதற்கே. கேட்ட தகவலைக் கொடுத்து ஒத்துழைப்பது உங்கள் பொறுப்பு. இதில் 'விரும்பினால்' என்ற சொல்லுக்கு அடிக்கோடு போட்டு வையுங்கள். வழக்கை நடத்துவது கம்பெனிக்கு உரிமை. உங்களுக்காக நடத்தியே தீர வேண்டும் என்ற கட்டாயம் அங்கே எழுதப்படவில்லை.

இன்னொரு பத்தியையும் தேடிப் பாருங்கள். சட்டத்தின் கட்டாயத்தால் மட்டும் கம்பெனி அடுத்தவருக்குக் கொடுக்க நேர்ந்த தொகையை நீங்கள் திருப்பித் தர வேண்டும் என்று அது சொல்லும். சின்ன எழுத்தில் இருக்கும். வீட்டை விற்க வைப்பதும் இதுதான்.

கம்பெனி இந்தப் பிடியை ஏன் விடுவதில்லை என்பது கணக்குப் போட்டால் விளங்கும். மாதம் 20,000 ரூபாய் சம்பாதித்த, 32 வயதுச் சுயதொழில்காரர் ஒருவர் விபத்தில் இறந்துவிட்டார் என்று வையுங்கள். மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் என நான்கு பேர் அவரை நம்பி இருந்தவர்கள். பிரணய் சேத்தி வழக்கில் 2017-இல் உச்ச நீதிமன்றம் வகுத்தபடி எதிர்கால வருமான உயர்வுக்கு 40 சதவீதம் கூட்டினால் 28,000. அவருடைய சொந்தச் செலவென்று நாலில் ஒரு பங்கைக் கழித்தால் 21,000. ஆண்டுக்கு 2,52,000. 2009-ஆம் ஆண்டின் சரளா வர்மா தீர்ப்பிலுள்ள அட்டவணைப்படி 31 முதல் 35 வயதுக்குப் பெருக்கும் எண் 16. ஆக 40,32,000 ரூபாய். இறுதிச் சடங்குச் செலவு, குடும்பத்தின் இழப்பு, வட்டி எல்லாம் இதற்கு மேல். இறந்தவரும் எதிர்த்திசையில் வந்தார் என்று நிரூபித்து 25 சதவீதப் பொறுப்பை அவர்மேல் வைக்க முடிந்தால் கம்பெனிக்கு 10 லட்சம் மிச்சம். 'எல்லாம் என் தப்புதான்' என்று நீங்கள் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்திருந்தால் அந்த வாதம் அங்கேயே முடிந்தது.

விபத்து நடந்த இடத்தில்

அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது தவறை ஒப்புக்கொள்வதாகாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவு ஓட்டுநருக்கு விதித்த கடமை அது. அதே பிரிவு போலீசுக்கும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் தகவல் சொல்லச் சொல்கிறது. கூட்டம் அடிக்க வரும் நிலையென்றால் நேராகப் பக்கத்து ஸ்டேஷனுக்குப் போய்விடலாம். ஆஸ்பத்திரியில் முன்பணம் யார் கட்டுவது என்று தயங்க வேண்டாம். சாலை விபத்தில் அடிபட்டவருக்கு 7 நாள் வரை, 1.5 லட்சம் ரூபாய் வரை பணமில்லாச் சிகிச்சை தரும் மத்திய அரசுத் திட்டம் 2025 மே மாதம் அறிவிக்கப்பட்டிருக்கிறது. பட்டியலிட்ட ஆஸ்பத்திரியா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கூட்டத்தில் யாராவது ஒருவர் நாட்டாமை ஆகிவிடுவார். "பத்தாயிரம் கொடுத்துட்டுக் கிளம்புப்பா, கேஸ் எதுக்கு?" என்பார். ஆள் அடிபட்டிருந்தால் இதற்கு இணங்காதீர்கள். ரசீது எழுதி வாங்கினாலும், ஸ்டாம்ப் பேப்பரில் கையெழுத்து வாங்கினாலும், அவர் பிறகு விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போவதை அது தடுக்காது. சில எலும்பு விரிசல்கள் சில நாள் கழித்து எடுக்கும் எக்ஸ்ரேயில்தான் தெரியும். கொடுத்த பத்தாயிரம் கம்பெனியிடமிருந்து திரும்பி வராது. வழக்கில் அது உங்கள் ஒப்புதலுக்குச் சாட்சியாக மட்டும் வரும். காயம், மரணம் சம்பந்தப்பட்ட கிளெய்மில் நீங்கள் நிபந்தனையை மீறி வாக்குக் கொடுத்தீர்கள் என்பதற்காகப் பாதிக்கப்பட்டவருக்குப் பணம் மறுக்கக் கம்பெனிக்குச் சட்டத்தில் இடமில்லை. பாதிக்கப்படுவது உங்கள் நிலைதான்.

காயம் யாருக்கும் இல்லை, பக்கத்துக் காரின் கண்ணாடி மட்டும் உடைந்தது என்றால் எல்லாரும் கையிலிருந்து 2,000 கொடுத்துத்தான் முடிக்கிறார்கள். முடித்துக்கொள்ளுங்கள். அதைக் கம்பெனியிடம் கேட்க முடியாது, அவ்வளவுதான்.

போட்டோ எடுக்கும்போது நசுங்கிய பம்பரை மட்டும் எடுக்காதீர்கள். இரண்டு வண்டிகளும் சாலையில் நின்ற நிலை, டயர் தேய்ந்த தடம், சிக்னல், ஒருவழிப் பாதைப் பலகை, அருகிலுள்ள கடைகளின் கேமரா இருக்கும் இடம் எல்லாம் வேண்டும். அந்த 25 சதவீத வாதம் இவற்றில்தான் நிற்கிறது.

ஸ்டேஷனில்

பெங்களூரில் விபத்து வழக்குகளைப் பதிவது பெரும்பாலும் போக்குவரத்துக் காவல் நிலையங்கள். மடிவாளா, அல்சூர் என்று பகுதிக்கு ஒன்று. எஃப்.ஐ.ஆர்., மகஜர் (சம்பவ இடத்தைப் பற்றிய போலீஸ் குறிப்பு) எல்லாம் கன்னடத்தில் இருக்கும். வாசிக்கத் தெரியாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். வரிவரியாகப் படித்துச் சொல்லக் கன்னடம் தெரிந்த நண்பரை வரவழைத்து, மொபைலில் படம் எடுத்துக்கொண்ட பிறகு கையெழுத்திடுங்கள். நடந்ததைச் சொல்வது வேறு, தீர்ப்புச் சொல்வது வேறு. 'பச்சை விளக்கில் 30 கிலோமீட்டர் வேகத்தில் போனேன், அவர் இடப்பக்கச் சந்திலிருந்து வந்தார்' என்பது நடந்தது. 'நான் கவனிக்கவில்லை, தப்பு என்னுடையது' என்பது தீர்ப்பு.

வண்டியை ஓட்டியது யார் என்று 133-ஆம் பிரிவின்கீழ் உரிமையாளரிடம் கேட்பார்கள். லைசென்ஸ் இல்லாத தம்பி ஓட்டியிருக்க, லைசென்ஸ் உள்ள மாமன் பெயரைக் கொடுப்பது ஊரெங்கும் நடக்கிற வேலை. ஆஸ்பத்திரிக் குறிப்பு, கேமரா, செல்போன் டவர் என்று பிடிபட எத்தனையோ வழி. பிடிபட்டால் லைசென்ஸ் பிரச்சினையோடு பொய் ஆவணம் என்ற குற்றமும் சேரும். கம்பெனி இன்வெஸ்டிகேட்டர்கள் முதலில் தோண்டுவதும் இதைத்தான்.

2022 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள விதிகளின்படி போலீஸ் 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கும் கம்பெனிக்கும் அனுப்ப வேண்டும்; விரிவான அறிக்கை 90 நாளுக்குள். ஓட்டுநர் படிவம் 3-ஐயும் உரிமையாளர் படிவம் 4-ஐயும் 30 நாளுக்குள் நிரப்பித் தர வேண்டும். இந்தப் படிவங்களை யாரும் வீடு தேடி வந்து தரமாட்டார்கள். நீங்களே கேட்டு வாங்கி, நிரப்பிய நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

கிரிமினல் வழக்கு தனித் தடம். பாரதிய நியாய சன்ஹிதாவில் 281, 125, உயிர் போயிருந்தால் 106 ஆகிய பிரிவுகள் வரும். இதிலும் கம்பெனி விரும்பினால் வாதாடலாம் என்று பாலிசியில் இருக்கும். நடைமுறையில் வக்கீலை நீங்கள்தான் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். "ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால் இன்றே முடிந்துவிடும்" என்று கோர்ட் வராந்தாவில் சொல்லுவார்கள். அபராத ரசீதின் நகல் நாளை இழப்பீட்டு வழக்கில் உங்கள் கவனக்குறைவுக்குச் சான்றாக வந்து நிற்கும். ஒப்புக்கொள்வதற்கு முன் கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள்.

கம்பெனிக்கு எழுதுவது

டோல் ஃப்ரீ நம்பரில் சொன்னதை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். 24 மணி நேரத்துக்குள் மின்னஞ்சல், அடுத்த நாள் பதிவுத் தபால். பாலிசி எண், அது செல்லும் காலம், விபத்தின் தேதி, நேரம், இடம், அடிபட்டவர்கள் விவரம், ஓட்டியவர் பெயர், லைசென்ஸ் விவரம்: 134-ஆம் பிரிவு கேட்பது இவ்வளவே. யார் குற்றவாளி என்று அது கேட்கவில்லை. நீங்களும் எழுத வேண்டாம். கடைசி வரியாக, 'உரிமையாளராகிய எனக்காகவும் கம்பெனி வக்கீல் ஆஜராவாரா என்பதை எழுத்தில் தெரிவிக்கவும்' என்று சேருங்கள். இந்த ஒரு வரிக்கு வரும் பதிலோ, பதில் வராததோ, பின்னால் நிறைய வேலை செய்யும்.

பாலிசியைத் தர்மபுரிக் கிளையில் எடுத்திருக்கலாம். வழக்கைக் கவனிப்பது பெங்களூரிலுள்ள வேறு அலுவலகமாக இருக்கும். இரண்டுக்கும் நகல் போகட்டும். அடிபட்டவர் விபத்து நடந்த ஊரிலும் வழக்குப் போடலாம், தான் குடியிருக்கும் ஊரிலும் போடலாம், எதிர்தரப்பு இருக்கும் ஊரிலும் போடலாம். ஹோசூரில் நடந்த விபத்துக்குப் பெங்களூரில் சமன்ஸ் வந்தால் ஆச்சரியப்பட வேண்டியதில்லை.

பிறகு இன்வெஸ்டிகேட்டர் வருவார். ஆர்.சி., லைசென்ஸ், பெர்மிட், எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) எல்லாவற்றுக்கும் நகல் கொடுங்கள், அசலைக் கொடுக்காதீர்கள். அவர் அன்பாகத்தான் பேசுவார். ஆனால் அவர் எழுதும் அறிக்கை அடிபட்டவருக்கு எதிராகவும் பயன்படும், உங்களுக்கு எதிராகவும் பயன்படும். வாக்குமூலத்தை வாசித்துவிட்டுக் கையெழுத்திட்டு, நகல் கேளுங்கள்.

சமன்ஸ் வந்தால்

பெங்களூரில் இந்த வழக்குகளுக்கு எம்.வி.சி. என்று தொடங்கும் எண் இருக்கும். ஸ்மால் காசஸ் கோர்ட் நீதிபதிகளே விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயமாகவும் அமர்கிறார்கள். மேயோ ஹால் கோர்ட் வளாகத்திலும் அதன் அமர்வுகள் உண்டு. உரிமையாளர் ஒரு எதிர்மனுதாரர், கம்பெனி இன்னொன்று. 'கம்பெனி பார்த்துக்கொள்ளும்' என்று சமன்ஸை அலமாரியில் போட்டுவைப்பதுதான் இந்தத் துறையில் நடக்கும் மிகப் பெரிய தவறு. நீங்கள் வராவிட்டால் உங்களை எக்ஸ்பார்ட்டி (ஆஜராகாத தரப்பு) ஆக்கிவிட்டு வழக்கு நகரும். உரிமையாளர் வழக்காடவில்லை என்று காட்டி, எல்லாக் காரணங்களையும் சொல்லி வாதாடக் கம்பெனி மோட்டார் வாகனச் சட்டத்தின் 170-ஆம் பிரிவில் அனுமதி வாங்கிக்கொள்ளும். அந்த வாதங்களில் ஒன்று 'ஓட்டுநருக்குச் செல்லத்தக்க லைசென்ஸ் இல்லை' என்பதாக இருந்தால், மறுக்க நீங்கள் அந்த அறையில் இருக்கமாட்டீர்கள்.

கம்பெனியின் வக்கீல் எதுவரை உங்கள் பக்கம்? அடிபட்டவரின் கவனக்குறைவு, வருமானம், ஊனத்தின் சதவீதம் பற்றி வாதாடும்வரை உங்கள் நலனும் கம்பெனி நலனும் ஒன்று. பாலிசி நிபந்தனை மீறல் என்று அவர் பதிலுரையில் ஒரு வரி எழுதினால், அந்த வரியிலிருந்து அவர் உங்கள் எதிர்த்தரப்பு. ஆகவே கம்பெனி தாக்கல் செய்த பதிலுரையின் நகலை வாங்கி அந்த வரியைத் தேடுங்கள். இருந்தால் சொந்த வக்கீல் வையுங்கள். அவர் செய்ய வேண்டியது பெரிய வேலையல்ல: தனிப் பதிலுரை, லைசென்ஸ், பெர்மிட், எஃப்.சி., பாலிசி, பிரீமியம் ரசீது ஆகியவற்றைச் சான்றாகக் குறிக்க வைப்பது, உங்களைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவது. தமிழ்நாட்டு லைசென்ஸ் என்றால் ஆர்.டி.ஓ.விடம் சான்று நகல் முன்கூட்டியே வாங்குங்கள். கம்பெனி அந்த ஆர்.டி.ஓ.வைச் சாட்சியாக அழைக்கும்போது கையில் இருக்கும்.

ராஜி பேசும்போது

149-ஆம் பிரிவின்படி, விபத்துத் தகவல் வந்ததும் கம்பெனி ஓர் அதிகாரியை நியமிக்க வேண்டும். அவர் 30 நாளுக்குள் தீர்ப்பாயத்தின் முன் தொகை முன்வைக்கலாம். அடிபட்டவர் ஏற்றால் அது பதிவாகி, பதிவு கைக்கு வந்த 30 நாளுக்குள் பணம் கட்டியாக வேண்டும். ஏற்காவிட்டால் விசாரணை. இப்படி முடியாதவற்றில் பல, சமரசம் பேசி முடிக்கும் லோக் அதாலத்தில் முடிகின்றன. இந்தப் பேரத்தில் உரிமையாளரின் சம்மதம் யாருக்கும் தேவைப்படுவதில்லை. ஆனால் உங்களுக்கும் கம்பெனிக்கும் இடையே மட்டும் பேசி அடிபட்டவரின் கிளெய்மை முடிக்க முடியாது. 153-ஆம் பிரிவின்படி அவர் ஒரு தரப்பாக இல்லாத ராஜி செல்லாது.

தொகை 6 லட்சமா 9 லட்சமா என்று நீங்கள் மனம் புழுங்க வேண்டியதில்லை. காயத்துக்கும் மரணத்துக்கும் கம்பெனியின் பொறுப்புக்கு இப்படியான பாலிசியில் உச்சவரம்பு இல்லை. நீங்கள் பார்க்க வேண்டியது ராஜிப் பத்திரத்தில் வேறொன்று: 'உரிமையாளரிடமிருந்து வசூலிக்கும் உரிமையை ஒதுக்கி வைத்து' என்பது போன்ற வாசகம் இருக்கிறதா? இருந்தால் அன்றே எழுத்தில் ஆட்சேபியுங்கள்.

கொடுத்துவிட்டு வசூலிப்பது

அடிபட்டவரைத் தவிக்கவிடக் கூடாது என்பதால் தீர்ப்பாயம் கம்பெனியைக் கொடுக்கச் சொல்லும். மீறல் நிரூபணமானால் அந்தப் பணத்தை உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளவும் சொல்லும். வசூலிக்கக் கம்பெனி தனி வழக்குப் போட வேண்டியதில்லை. அதே தீர்ப்பை வைத்து நிறைவேற்று மனு போட்டாலே போதும் என்று 2004-இல் நஞ்சப்பன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வண்டியையும் சொத்தையும் ஜப்தி செய்யலாம்.

அதிகம் மாட்டுவது லைசென்ஸ். இங்கே 2004-ஆம் ஆண்டின் சுவரண் சிங் தீர்ப்பு உரிமையாளருக்குத் துணை: மீறலையும், அதில் உரிமையாளரின் அக்கறையின்மையையும் நிரூபிக்க வேண்டியது கம்பெனி. டிரைவரை வேலைக்கு வைக்கும்போது லைசென்ஸைப் பார்த்தீர்கள், ஓட்டச் சொல்லிப் பார்த்தீர்கள் என்றால் பிறகு அது போலி என்று தெரிந்தாலும் உங்களுக்கு வாதம் உண்டு. லைசென்ஸ் நகலில் தேதி போட்டு டிரைவர் கையெழுத்தோடு வைத்திருங்கள். எல்.எம்.வி. (இலகு ரக வண்டி) லைசென்ஸ் வைத்திருப்பவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியையும் ஓட்டலாம் என்பதை 2024 நவம்பரில் அரசியல் சாசன அமர்வு உறுதிப்படுத்திவிட்டது. சின்ன டெம்போ ஓட்டுகிறவர்கள் இனி இந்தக் காரணத்துக்குப் பணிய வேண்டியதில்லை.

கலாசிப்பாளையம், கே.ஆர். மார்க்கெட் பக்கம் சரக்கு வண்டியின் பின்னால் கட்டட ஆட்களை ஏற்றிக்கொண்டு போவது தினப்படிக் காட்சி. சரக்கின் உரிமையாளரும் அவர் அனுப்பிய ஆளும்தான் பாலிசிக்குள் வருவார்கள். சும்மா ஏற்றியவர்கள் வரமாட்டார்கள். வெள்ளை போர்டு காரை (சொந்த உபயோகத்துக்குப் பதிவானது) ஏர்போர்ட் வாடகைக்கு ஓட்டுவது, பெர்மிட் இல்லாமல் ஓட்டுவது, குடித்துவிட்டு ஓட்டுவது எல்லாம் 150-ஆம் பிரிவு கம்பெனிக்குக் கொடுத்த வாதங்கள். அடுத்தவர் இழப்பை மட்டும் ஏற்கும் குறைந்த விலைத் தர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தால் பைக்கின் பின்னால் உட்கார்ந்தவருக்குக்கூடப் பாதுகாப்பில்லை. பிரீமியச் செக் திரும்பியது தெரியாமல் ஓட்டுகிறவர்களும் உண்டு. ரசீதோடு வங்கிக் கணக்கையும் பாருங்கள்.

வண்டியை விற்றுவிட்டீர்களா? ஆர்.சி.யில் பெயர் மாறாதவரை சட்டத்தின் கண்ணில் நீங்கள்தான் உரிமையாளர். 2018-இல் நவீன்குமார் வழக்கில் இதுதான் தீர்ப்பு. வாங்கியவர் 14 நாளுக்குள் பாலிசி மாற்றக் கம்பெனிக்கு எழுத வேண்டும்.

வசூல் உத்தரவு உங்கள்மேல் வந்தால் மேல்முறையீடு நீங்களே போட வேண்டும். கம்பெனி போடாது, அதற்கு என்ன நட்டம்? உயர் நீதிமன்றத்துக்குப் போக 90 நாள், முன்கட்டாக 25,000 ரூபாய் அல்லது தொகையில் பாதி, எது குறைவோ அது.

சொத்துச் சேதத்தில் மட்டும் உச்சவரம்பு உண்டு

அடுத்தவர் காரை, கடைச் சுவரை இடித்தால் கம்பெனி கொடுப்பது காருக்கு 7.5 லட்சம், இருசக்கர வண்டிக்கு 1 லட்சம் வரை. பிரீமியத்தில் சில நூறு மிச்சம் பிடிக்க இதை 6,000 ஆகக் குறைத்துக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். உங்கள் பாலிசியில் என்ன எண் என்று இப்போதே பாருங்கள். ஒயிட்ஃபீல்டில் விலையுயர்ந்த காரின் பின்பக்கம் நசுங்கினால் 7.5 லட்சம் தாண்டுவது கடினமல்ல. மிச்சம் உங்கள் பை. இந்த இடத்தில் மட்டும் கம்பெனி தாமதிப்பது நேரடியாக உங்களைப் பாதிக்கும். எதிர்தரப்பு வரம்புக்குள் ஒரு தொகைக்கு இறங்கி வந்தால், அதை ஏற்குமாறு கம்பெனிக்கு எழுத்தில் கோரி, ஏற்காமல் போய்க் கூடுதல் பொறுப்பு வந்தால் அதற்குக் கம்பெனியே காரணம் என்றும் குறிப்பிட்டு வையுங்கள்.

கம்பெனி பதிலே தராவிட்டால் அதன் குறைதீர் அதிகாரிக்கு, பிறகு இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் 'பீமா பரோசா' இணையதளத்தில் புகார் போடலாம். ஜே.பி. நகர் ஜீவன் சௌதாவிலுள்ள இன்ஷூரன்ஸ் ஓம்பட்ஸ்மேன் (குறைதீர்ப்பாளர்) உங்கள் சொந்த வண்டிச் சேதக் கிளெய்மைக் கேட்பார். அடிபட்டவருக்கு எவ்வளவு என்பது தீர்ப்பாயத்தின் வேலை.

தீர்ப்போ ராஜியோ வந்த பிறகும் ஒரு வேலை மிச்சம். கம்பெனி தொகையைக் கட்டிய செலான் நகலைக் கேட்டு வாங்குங்கள். கட்டாமல் இழுத்தால் நிறைவேற்று மனுவில் உங்கள் பெயரும் இருக்கும். அப்போது கதவைத் தட்டும் அமீனாவிடம் (ஜப்திக்கு வரும் கோர்ட் ஊழியர்) காட்ட அந்த ஒரு தாள் வேண்டும்.